வணக்கம் என்ற தண்டனை

1

ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு தமிழ் முதியோர் மன்றம் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் கேரம் பலகையிலிருந்து தலை நிமிர்த்தி நாலைந்து பேர் கை கூப்புவார்கள். "வணக்கம் ஐயா, வாங்கோ." யாழ்ப்பாணத்து மனிதர்கள், அன்பானவர்கள். மளிகைக் கடைக்காரரும் வணக்கம் என்கிறார். வானொலியும் வணக்கத்தில்தான் பொழுதைத் தொடங்குகிறது. கனடாவுக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. இன்றும் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறேன். நான் அதைத் தண்டனையாகப் பயன்படுத்தியவன். என் மனைவிக்கு எதிராகப் பயன்படுத்தியவன்.

இந்த வருஷம் எங்கள் திருமண நாளை மகன் டேனியல் கொண்டாட நினைத்தான். கேக் வாங்கி வந்தான். மருமகள் சுகந்தி யாழ்ப்பாணத்துப் பெண். இடியாப்பமும் சொதியும் கோழிக்குழம்பும் செய்து மேசையில் பரப்பினாள். தட்டுகளைச் சரியாக எண்ணித்தான் வைத்தாள். என் மனைவி ராஜாத்தி எல்லோருக்கும் பரிமாறினாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியருகே சாய்ந்து நின்றாள். நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை அவள் சாப்பிட மாட்டாள்.

சுகந்தி அன்றுதான் வாய் திறந்தாள். "மாமா, நானும் எத்தனை வருஷமாப் பாக்கிறன். நீங்களும் மாமியும் சேர்ந்திருந்து சாப்பிட்டு ஒருநாளும் நான் காணேல்லை. இது உங்கட ஊர் வழக்கமோ?"

நான் ஆமாம் என்று சொல்லப்போனேன். அதற்குள் ஆறு வயதுப் பேத்தி முந்திக்கொண்டாள். அவள் பள்ளியில் குறும்பு செய்கிற பிள்ளையைத் தனியே ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார்களாம். அதற்கு டைம் அவுட் என்று பெயர்.

"அப்பப்பா, அப்பம்மா டைம் அவுட்ல இருக்கிறாவோ?"

"இல்லையம்மா."

"அப்ப நீங்களோ?"

டேனியல் எழுந்து கத்தியைத் தேடுகிற சாக்கில் போய்விட்டான். அடுப்பங்கரையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மனைவி சிரித்து நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

2

ஊர் வழக்கம் என்ற பொய் எங்களை ஒருமுறை காப்பாற்றியிருக்கிறது. மகன் எங்களை இங்கே அழைத்துக்கொள்ள மனுச் செய்தபோது, விசா அலுவலகத்தில் எங்கள் இருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். நாங்கள் உண்மையிலேயே கணவன் மனைவிதானா என்று அவர்களுக்குச் சந்தேகம். குற்றம் சொல்ல முடியாது. அவள் கழுத்தில் தாலி இல்லை, விரலில் மோதிரம் இல்லை. கல்யாணப் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. எல்லாம் நாங்கள் இருந்த கிறிஸ்தவச் சபைக்காகக் கழற்றியதும் எரித்ததும்தான். அதை எந்த மொழியில் அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு விளக்குவது?

"நேற்று இரவு இருவரும் சேர்ந்து சாப்பிட்டீர்களா?" என்று என்னிடம் கேட்டாள். சேர்ந்துதான் என்றேன். அடுத்த அறையில் ராஜாத்தி, இல்லை என்றிருக்கிறாள். அவளுக்குப் பொய் வராது. இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு மறுபடி கேட்டார்கள்.

"அவரு முன்னாடி சாப்பிடுவாரு. நான் பின்னாடி சாப்பிடுவேன்" என்றாள் ராஜாத்தி.

மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் சிரித்தார். எங்கள் பக்கத்துப் பழைய காலத்துப் பெண்கள் இப்படித்தான், கணவனுக்கு அம்புட்டு மரியாதை என்று ஏதோ இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அதிகாரியும் புன்னகைத்து முத்திரை குத்தினாள். வெளியே வந்ததும் ராஜாத்தி என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "மரியாதையாம்ல."

3

சபையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே பத்திரிகை வாசிக்கக் கூடாது என்பதால் சபைக்காரர் யாரும் இதை வாசிக்கமாட்டார். ஆனால் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசிக்கக்கூடும்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான கூடத்தில் சிலர் கூடி எங்களுக்காக ஜெபித்தார்கள். டேனியல் பிறந்தான். நாங்கள் அங்கேயே தங்கிவிட்டோம். நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். எதையும் சோதித்துப் பாருங்கள் என்று பகலில் மாணவர்களிடம் சொல்லிவிட்டு, மாலையில் எதையும் சோதிக்காமல் தலையாட்டுகிற இடத்துக்கு மனநிறைவோடு போனேன். படித்தவன் என்பதால் சீக்கிரமே என்னைச் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவனாக்கினார்கள்.

வெள்ளைச் சேலை, நகை கூடாது, பூ கூடாது, சினிமா கூடாது. வெளியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலோடு திரும்பிவிட வேண்டும். உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொள்வோம். வெளியாருக்கு "வணக்கம்". இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் எங்கள் உலகத்தின் மதில் இருந்தது. விதியை மீறிய ஒருவரை ஐக்கியத்திலிருந்து விலக்கினால், அன்றிலிருந்து அவருக்கும் வணக்கம்தான். அவரோடு பந்தியில் உட்காரக் கூடாது. திட்டமாட்டோம், அடிக்கமாட்டோம். கை கூப்பி, முகம் மலர்ந்து வணக்கம் சொல்வோம்.

விலக்குகிற அறிவிப்பை வாசிப்பது என் பொறுப்பு. எனக்குக் கணீரென்ற குரல். நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த ஒருவரை இப்படி வாசித்தேன். அவர் வீட்டில் பேசுவது வேறு மொழி. எங்களிடம் வந்ததற்காகச் சொந்த ஜனம் அவரைத் தள்ளியிருந்தது. பிறகு நாங்களும் தள்ளினோம். தெருவில் எதிர்ப்பட்டபோது வணக்கம் சொன்னேன். அவரும் பதிலுக்கு ஏதோ சொன்னார், தன் வீட்டு மொழியில். என்னவென்று நான் கேட்கவில்லை.

ராஜாத்தியின் தம்பி பாண்டி ஒத்தக்கடையில் இருந்தான். எங்கள் கல்யாணத்தின்போது ஐந்து வயது. தாயில்லாத பிள்ளை. அவள்தான் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தாள். அவனுக்கு முப்பதைத் தாண்டித்தான் கல்யாணம் கூடியது. பத்திரிகை வைக்க வந்தவன் என்னிடம் கெஞ்சினான்.

"மாமா, நீங்க வரலைன்னாலும் பரவாயில்லை. அக்காவ மட்டும் அனுப்பிவைங்க. தாலி கட்டயில மூணாவது முடிச்சு நாத்தனார்தான் போடணும். எனக்கு வேற யாரு இருக்கா?"

"மாப்ள, எங்க வழி உனக்குத் தெரியும்ல. வாசல் வரைக்கும் வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டு வரட்டும்."

"வாசல்ல நின்னு எப்படி மாமா முடிச்சுப் போடுறது? கயித்த அம்புட்டு நீளமா திரிக்கணும்."

ராஜாத்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவள் போனாள். மேடை ஏறினாள். யாரோ தலையில் மல்லிகையை வைத்துவிட, அதை எடுத்துப் போடாமல் குனிந்து தம்பி மனைவியின் கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். தன் கழுத்துத் தாலியைச் சபைக்காகக் கழற்றிக் கொடுத்தவள். இத்தனையும் வீடியோ கேசட்டில் பதிவானது. ஒத்தக்கடையில் அந்தக் கேசட் ஓடிய வீட்டுக்கு அடுத்த வீடு எங்கள் சபைக்காரருடையது.

4

மூப்பர்கள் கூடிப் பேசியபோது, "உங்க வீட்டுக் காரியம், வேற யாராவது வாசிக்கட்டும்" என்றார் ஆசீர்வாதம். அவர் எனக்கு நெருங்கிய நண்பர். நான்தான் பிடிவாதமாக, இல்லை நானே வாசிக்கிறேன் என்றேன். பட்சபாதம் இல்லாதவன் என்று பெயரெடுக்கும் ஆசை. இதைவிட மரியாதையான சொல் அதற்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மேடையில் நின்று, பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த என் மனைவியை, அவள் பெயரைச் சொல்லி விலக்கினேன். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. பிற்பாடு சிலர் வந்து பாராட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் குடத்தோடு குழாயடியிலிருந்து வந்தாள். நான் கை கூப்பி, "வணக்கம்" என்றேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னங்க, எலெக்‌ஷன்ல நிக்கிறீகளா?"

கூப்பிய கையை நான் இறக்கவில்லை. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியதை நின்று பார்த்தேன். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படி ஓடியது. அவள் சமைப்பாள், எடுத்து வைப்பாள், அறைக்குள் போய்விடுவாள். நான் தனியாகச் சாப்பிடுவேன். டேனியல் அப்போது பிளஸ் டூ. அம்மாவோடு உட்கார்ந்தால் எனக்குக் கோபம், என்னோடு உட்கார்ந்தால் அம்மாவுக்கு வருத்தம் என்று பையன் கணக்குப் பண்ணி, தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து சாப்பிடுவான். இன்றும் அவன் மேசையில் ஒரேயடியாக உட்காருவதில்லை. இரண்டு வாய் சாப்பிட்டதும் எதையாவது எடுக்க எழுந்துவிடுவான். இங்கே உள்ளவர்கள் அதைச் சுறுசுறுப்பு என்கிறார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளையைப் பார்த்துத்தான் அவள் இறங்கி வந்தாள். சபையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். சேர்த்துக்கொண்டோம். அன்று மதியம் மூப்பர்கள் எங்கள் வீட்டில் விருந்துண்டார்கள். "ஸ்தோத்திரம் சிஸ்டர், ஸ்தோத்திரம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லோரும் போனபின் நான் அவளுக்கும் இலை போட்டு, "வா, உட்காரு. எல்லாம் முடிஞ்சது" என்றேன்.

"சபை என்னைச் சேத்துக்கிருச்சுங்க" என்றாள். "நான் இன்னும் உங்களைச் சேத்துக்கிரலை."

தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அது நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது.

5

இடைப்பட்ட காலத்தில் எங்களுக்குள் சண்டை இல்லை. எனக்கு மாத்திரை எடுத்துத் தருவாள். பனியில் வழுக்காமலிருக்க என் பூட்ஸின் அடியைப் பார்த்து வாங்கியது அவள்தான். பேச்சும் உண்டு. சாப்பாடு மட்டும் இல்லை. மகன் கனடாவுக்குப் போனதும் எந்தச் சபைப் பக்கமும் போகாமல் விட்டதும், பேத்தி ஞாயிற்றுக்கிழமை என்றால் நீச்சல் வகுப்பு என்று நினைப்பதும் என எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் இந்த ஒரு வழக்கம் மட்டும் குறையில்லாமல் ஊரிலிருந்து வந்து சேர்ந்தது.

திருமண நாளுக்கு மறுநாள் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கேட்டுவிட்டேன்.

"இன்னும் எம்புட்டு நாளைக்கு ராஜாத்தி? எத்தனை தடவ மன்னிப்புக் கேட்டுட்டேன்."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எங்க வச்சுக் கேட்டீக?"

"வீட்லதான்."

"வீட்ல வச்சா வாசிச்சீக?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாததுபோல் கீழே சிந்திய கீரையைப் பொறுக்கினேன். அவளே சொன்னாள்: "மேடையில நின்னு வாசிச்சீகள்ல, அங்கன நின்னு சொல்லுங்க. அவ செஞ்சது தப்பில்லை, நான் வாசிச்சதுதான் தப்புன்னு. நானும் அதே எடத்துல நின்னு, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டேன்ல."

"அப்படிச் சொன்னா என்னையும் விலக்கிருவாங்க."

"ஆமா."

"ஆசீர்வாதம், மத்தவங்க எல்லாம்... எனக்கு ஊருல இருக்கிறது அவங்கதான். செத்தா அங்க கொண்டுபோய் அடக்கம் பண்ணணும்னு..."

"ஆமாங்க" என்றாள். தண்டைக் கிள்ளிக் கீழே போட்டாள். "எனக்கும் அவுகதான் இருந்தாக."

அதற்குப் பிறகு ஒரு இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. காலையில் பஸ் ஏறி வணிக வளாகத்துக்குப் போய், திறந்திருக்கிற கடை மூடியிருக்கிற கடை எல்லாவற்றின் முன்னாலும் நடப்பேன். ஃபோனில் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆசீர்வாதத்திடம் தனியாகச் சொல்லி, அவரை அறிவிக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். சாகும்போது சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். இப்படி எழுதி அனுப்புவதும் அந்தத் தப்பிக்கும் வழிகளில் ஒன்றாகத்தான் முதலில் மனதில் வந்தது. கோழையின் மூளை எம்புட்டுச் சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் மகனிடம் டிக்கெட் எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். அவன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, எழாமல் முழு வேலையையும் முடித்தான்.

6

விளாங்குடிக் கூடத்துக்கு இப்போது கான்கிரீட் கூரை. பெண்கள் பக்கம் பாய் போய் பிளாஸ்டிக் நாற்காலி வந்திருக்கிறது. "ஸ்தோத்திரம் பிரதர்! கனடாவுல குளிரு எப்படி?" என்று கட்டிப்பிடித்தார்கள். அந்தக் கட்டிப்பிடிப்பு எனக்கு வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம், பேசாமல் கனடாவுக்குத் திரும்பி எல்லாம் சொல்லிவிட்டேன் என்று ராஜாத்தியிடம் பொய் சொன்னால் என்ன என்றும் நினைத்தேன். எனக்குத்தான் பொய் வருமே.

ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். மேடைக்கு அழைத்தார்கள். மனைவியின் பெயரைச் சொன்னேன். தம்பியின் கல்யாணத்தைச் சொன்னேன். தாயாக இருந்து வளர்த்தவள் போட்ட முடிச்சு அது, அதில் பாவம் எதுவும் இல்லை, பாவம் நான் வாசித்தது என்றேன். வேதத்தைக் காட்டி என் வீட்டிலேயே ஒருத்தியைப் பட்டினி போடாமல் பட்டினி போட்டேன் என்றேன். அங்கே மைக்கை அணைத்துவிட்டார்கள். "பிரதர், உட்காருங்க" என்றார் ஆசீர்வாதம். எனக்குக் குரல் இருந்தது. மைக் இல்லாமலே மிச்சத்தையும் சொன்னேன். இந்த முறை நன்றாகவே நடுங்கியது.

வெளியே செருப்பைத் தேடும்போது ஆசீர்வாதம் பக்கத்தில் வந்து நின்றார். எந்தச் சொல்லால் பேச்சைத் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எப்ப ஃபிளைட்டு?"

"புதன்கிழமை."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க இருக்க மாட்டீங்க." அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி மிக உண்மையானது. என் முகத்துக்கு நேரே என் பெயரை அவர் வாசிக்க வேண்டியதில்லை. "நல்லது" என்றார். என் இன்னொரு செருப்பைக் காலால் என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனார்.

பஸ் ஏறி ஒத்தக்கடைக்குப் போனேன். பாண்டிக்கு மண்டை பாதி வழுக்கையாகிவிட்டது. வாசலில் என்னைப் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"அப்ப உங்களையும் தள்ளி வச்சுட்டாகளா மாமா?"

"அடுத்த வாரம்தான் வாசிப்பாங்க."

"அப்ப ஒரு வாரம் டயம் இருக்குல. அதுக்குள்ள ஒரு சினிமாவுக்குப் போயிட்டு வந்துருவமா?" என்று சிரித்தவன், சட்டென்று திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் மனைவி சோறு வைத்தாள். அவள் கழுத்தில் கிடந்த தாலியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் பாண்டியின் செல்ஃபோனிலிருந்து ஸ்கார்பரோவுக்குப் பேசினேன். அங்கே காலை நேரம்.

"சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

"மைக்குலயா?"

"பாதி மைக்குல. பெறகு அணைச்சுட்டாங்க. சத்தமாத்தான் சொன்னேன்."

"பொம்பளைங்க பக்கம் கேட்டுச்சா?"

அதை நான் கவனித்திருக்கவில்லை. ஆண்கள் பக்கம் பார்த்தேதான் பேசியிருக்கிறேன். கேட்டிருக்கும் என்று சொல்ல வாய்வரை வந்தது. "தெரியலை ராஜாத்தி" என்றேன்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பாண்டி ஃபோனை எட்டிப் பார்த்தான்.

"சரி" என்றாள். "வந்து சேருங்க."

7

திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. வந்த அன்றே அவள் மேசைக்கு வந்து எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தட்டு எடுக்கவில்லை. நான் அவளையே பார்த்தேன்.

"எனக்கு அம்புட்டுச் சீக்கிரம் வராதுங்க. நீங்க சாப்பிடுங்க, இருக்கேன்."

எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது சாப்பிடுவது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது. சட்டையில் ரசத்தைக் கொட்டிக்கொண்டேன். தினமும் உட்காருகிறாள். சுகந்தியைப் பற்றி, பேத்தியின் பல் விழுந்ததைப் பற்றிப் பேசுகிறாள். நான் கை கழுவியபிறகு எழுந்து போய்த் தன் சாப்பாட்டைப் போட்டுக்கொள்கிறாள். பெண்கள் பக்கம் கேட்டிருக்குமா என்ற கேள்வி எனக்குள் ஓயவில்லை. அவர்களில் யாருடைய பக்கத்து வீட்டிலாவது நீங்கள் இருந்தால், இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள்.

நேற்று மதியம் சாம்பார், அப்பளம். டேனியலின் மேலதிகாரியைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், கையை நீட்டி என் தட்டிலிருந்த அப்பளத்தில் ஒரு மூலையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். பேச்சை நிறுத்தவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்ற பயத்தில், தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.